கம்பி பிறேக்கும் அப்பாவின் முழங்காலும்

போன மாதம் இந்தப் பக்கத்தில் பிள்ளைகள் ஐபாடும் கையுமாக இருப்பதைப் பற்றிப் பெரிய புத்திமதியெல்லாம் எழுதியிருந்தேன். அதை வாசித்துவிட்டு மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. "அப்ப நீங்கள் ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஃபோனில பார்க்கிறது என்ன?"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சைக்கிள் சாமான். நாலு மாதமாக அதுதான் வேலை.

அப்பாவுக்கு இந்த வருசம் 73 வயது. பிறந்தநாளுக்கு என்ன வாங்கிக் கொடுத்தாலும் "ஏன் வீண்செலவு" என்று சொல்லிப் பெட்டியோடு அலுமாரிக்குள் வைத்துவிடுவார். இந்த முறை அலுமாரிக்குள் வைக்கமுடியாத ஒன்றைக் கொடுப்பம் என்று நினைத்தேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் நின்ற கறுத்த றலி சைக்கிள் மாதிரியே ஒன்றை, ஒவ்வொரு சாமானாகத் தேடி எடுத்து, நானே பூட்டிக் கொடுப்பது என்று முடிவெடுத்தேன்.

அந்தச் சைக்கிள் அப்பப்பா 1958இல் வாங்கினது. பிறகு அப்பாவுக்கு வந்தது. என்னைப் பாரில் இருத்தி, அம்மாவைக் கரியரில் ஏற்றி, நல்லூர்த் திருவிழாவுக்கு அதில்தான் போவோம். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே இடம்பெயர்ந்தபோது எங்கள் வீட்டில் இருந்து வெளிக்கிட்ட சாமான் முழுவதும் அதில்தான் வந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது. பிறகு ஊரை விட்டு வரும்போது அதை ஒரு சொந்தக்காரர் வீட்டுத் தாழ்வாரத்தில் விட்டுவிட்டு வந்தோம். அதற்கு என்ன நடந்தது என்று தெரியாது.

அது இங்கிலாந்துச் சைக்கிள் என்பது இங்கே வந்து கனகாலத்துக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. நொட்டிங்ஹாமில் செய்து, கப்பலில் இலங்கைக்கு வந்த சாமான். நாங்கள் அதை அங்கே விட்டுவிட்டு, அது பிறந்த நாட்டில் வந்து குடியேறியிருக்கிறோம். அந்த நொட்டிங்ஹாம் தொழிற்சாலையும் 2002இல் சைக்கிள் செய்வதை நிறுத்திவிட்டது. தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு இதே உருவம் ஹெர்குலிஸ் என்ற பெயரில் ஞாபகம் இருக்கும். இங்கிலாந்துக் கம்பனி ஒன்றோடு சேர்ந்து 1949இல் தொடங்கிய ரி.ஐ. சைக்கிள்ஸ், சென்னை அம்பத்தூரில் அதைச் செய்தது.

சரி, கதைக்கு வருவோம்.

முதலில் பிறேம் தேடினேன். கென்ற் பக்கம் ஒருவர் கராஜைத் துப்புரவாக்கும்போது 1960களில் செய்த றலி ஒன்றை எழுபது பவுணுக்குத் தந்தார். 24 அங்குலப் பிறேம், 28 அங்குலச் சில்லு, ஆம்பிளையள் ஓடுகிற உயரமான பார். துருப்பிடித்திருந்தது. ஆனால் பார்த்தவுடனே எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ செய்தது.

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இந்தக் கரைச்சல் தெரியும். பத்து வருசத்துக்கு முந்தி ஆரோ எழுதிவிட்டுப் போன புரோகிராமில் ஒரு வரியை மாற்றினால், எங்கேயோ மூலையில் இன்னொன்று உடையும். பழைய றலியும் அப்படித்தான். பெடல் அச்சு சுற்றுகிற கிண்ணத்தின் புரி மற்றக் கம்பனிகளில் ஓர் அங்குலத்துக்கு 24. நொட்டிங்ஹாம் றலியில் 26. புதுக்கிண்ணம் வாங்கிப் பூட்டலாம் என்று நினைத்தால் ஏறாது. வலுக்கட்டாயமாக ஏற்றினால் பிறேம் கெட்டுப்போகும். பழைய இங்கிலாந்துச் சைக்கிளில் முன் ரிம்முக்கு 32 கம்பி, பின் ரிம்முக்கு 40 கம்பி. இப்போது வருகிற ஹப்பில் அனேகமாக 36 துளை. அதனால் பழைய ரிம்மையும் புது ஹப்பையும் சேர்த்துக் கம்பி பின்ன முடியாது. முன் போர்க்கின் அகலமும் பழசில் ஒடுக்கம். இப்போதைய முன் ஹப்புக்கு 100 மில்லிமீற்றர் வேண்டும்.

நீங்கள் ஆராவது இதில் இறங்கப் போகிறீர்கள் என்றால் என் முதல் ஆலோசனை இதுதான்: பிறேமை மட்டும் தனியாக வாங்காதீர்கள். ஓடாத சைக்கிளாக இருந்தாலும் முழுதாக வாங்குங்கள். பெடல் அச்சு, கிண்ணம், போர்க் தலையில் இருக்கிற சாமான் எல்லாம் அதோடேயே வந்துவிடும். பெடல் தண்டைப் பிடித்திருக்கிற கொட்டர் பின்னைச் சுத்தியலால் அடித்துக் கழற்றவும் வேண்டாம். ஊரில் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் அடியை உள்ளே இருக்கிற போல்சும் கிண்ணமும்தான் வாங்கும். அதற்கென்று அமத்திக் கழற்றுகிற சாவி ஒன்று இருக்கிறது. ஒருநாளைக்கு இரவல் வாங்கினாலும் போதும்.

இரண்டாவது பாடத்தை நான் காசு கொடுத்துப் படித்தேன். ரயர். "28 அங்குலம்" என்று போட்டிருந்ததை நம்பி இரண்டு ரயர் எடுப்பித்தேன். வந்தது பூட்டவே முடியவில்லை. ஒரே 28 அங்குலம் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட அளவு இருக்கிறது. பழைய றலிக்கு 28 x 1½. அதன் ரிம் விட்டம் 635 மில்லிமீற்றர். இப்போது சாதாரணமாக விற்கிற 28, அதாவது 700சி, 622 மில்லிமீற்றர். சின்ன றலிகளுக்கு வருகிற 26 x 1⅜ என்பது 590. ஆகவே அங்குலக் கணக்கை விட்டுவிடுங்கள். ரயரின் பக்கத்தில் குட்டி எழுத்தில் 40-635 என்ற மாதிரி ஓர் இலக்கம் இருக்கும். பின்னால் இருக்கிற மூன்று இலக்கம்தான் உண்மை. மற்றதெல்லாம் பட்டப்பெயர்.

பார்சல் ஒவ்வொன்றாக வரத் தொடங்கியது. நான் ஒரு ஸ்பிரெட்ஷீற் வைத்திருந்தேன். 14 வரி. சாமானின் பெயர், அளவு, எதோடு பொருந்தும், விலை. மனைவி கதவைத் திறந்து பெட்டியை வாங்கி, "இஞ்ச பாருங்கோ, உங்கட பழைய இரும்பு வந்திருக்கு" என்று மேசையில் வைப்பா. அதில் எனக்கு மிகப் பிடித்தது கம்பி பிறேக். கேபிள் இல்லாமல், ஹாண்டிலில் இருந்து இரும்புக் கம்பிகள் கீழே போய், பிறேக் கட்டையை ரிம்மின் உட்பக்கத்தில் தூக்கிப் பிடிக்கிற அந்தப் பழைய பிறேக். இந்தியாவில் இன்றைக்கும் அந்த வகைச் சைக்கிள் ஓடுவதால் சாமான் மலிவாகக் கிடைக்கிறது. நிக்கல் பூச்சோடு சரியான வடிவு. அதை ஹாண்டிலில் பூட்டிப் படம் எடுத்து, ஃபோனின் முகப்பிலும் போட்டுவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை அப்பா கராஜுக்குள் எட்டிப் பார்த்தார். ஒளித்துவைக்க நேரம் இல்லை. சரி, அரைவாசியிலாவது பார்க்கட்டும் என்று விளக்கைப் போட்டேன். கண் கலங்குவார் என்றுகூட எதிர்பார்த்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போனார். பிறேக்கை ஒருக்கால் அமத்திப் பார்த்தார்.

"ஏன்ரா தம்பி, உந்தக் கோதாரியை எங்க தேடிப் பிடிச்சனீ?"

"ஏன் அப்பா? எங்கட சைக்கிளில இருந்த அதே பிறேக்."

"அதேதான். அதுதான் சொல்லுறன். மழைக்க உது பிடிக்காது."

காரணத்தை நான் ஏற்கெனவே வாசித்திருந்தேன். பழைய ரிம் குரோம் பூசிய இரும்பு. கண்ணாடி மாதிரி வழுக்கும். தண்ணீர் பட்டால் கட்டை உரசாமல் வழுக்கிக்கொண்டே போகும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் அதைத்தான் வாங்கியிருந்தேன், ஏனென்றால் வடிவு.

அப்பா கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். "95இல வெளிக்கிட்ட அண்டைக்கு என்ன மழை. உனக்கு ஞாபகம் இருக்காது. ஓட எங்கால இடம், சனம் நெருக்கிக்கொண்டு நிண்டது. உருட்டிக்கொண்டுதான் வந்தனான். நீ பாரில. பின்னால அரிசி, பெட்டி, பாத்திரம். நாவற்குழிப் பாலத்தால இறங்கேக்க பாரம் இழுக்குது. முன்னால ஒரு கிழவி. பிறேக்கை எவ்வளவு இறுக்கியும் பிடிக்கேல்லை. கட்டை தேஞ்சு, பழைய ரயர்த் துண்டை வெட்டித்தான் வச்சிருந்தனான். கடைசியில காலைச் சில்லுக்குக் குறுக்க குடுத்துத்தான் நிப்பாட்டினது."

அப்பாவின் வலது பெருவிரல் நகம் கோணலாகத்தான் வளரும். சின்ன வயதில் இருந்து பார்த்திருக்கிறேன். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே எழும்பி, "சரி, பிறேமாவது நல்லதோ எண்டு பாப்பம்" என்று ஹாண்டிலைப் பிடித்தார். இடக்காலை ஊன்றி, வலக்காலைப் பின்னால் தூக்கிப் பாருக்கு மேலால் போடப் பார்த்தார். கால் சீற் உயரத்துக்கு வரவில்லை. இன்னொரு முறை பார்த்தார். போன வருசம் அந்தக் காலில்தான் முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சை நடந்தது. பிசியோ "சைக்கிள் ஓடினால் நல்லது" என்று சொன்னதை மட்டும் நான் பிடித்துக்கொண்டேன். எந்தச் சைக்கிள், எப்படி ஏறுகிறது என்பதை யோசிக்கவே இல்லை.

மூன்றாம் முறை அவர் பார்க்கவில்லை. "பிறகு பாப்பம்" என்று சொல்லி, விளக்கை நிறுத்திவிட்டு உள்ளே போனார்.

எனக்கு அன்றைக்கு இரவு நித்திரை இல்லை. முந்தி சனிக்கிழமைகளில் என் மகளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு நடத்திக் கூட்டிக்கொண்டு போய், வரும்போது பூங்காவில் அரைமணித்தியாலம் மினக்கெட்டு, இரண்டு பேருமாகக் கதைத்துக்கொண்டு வருவார்கள். சத்திரசிகிச்சைக்குப் பிறகு அது நின்றுவிட்டது. நான்தான் காரில் இறக்கி ஏற்றுகிறேன். மகளுக்கு ஒன்பது வயது. நல்லாகச் சைக்கிள் ஓடுவாள். அவளோடு பூங்காவுக்குப் போய்வரத்தான் அப்பாவுக்குச் சைக்கிள் தேவைப்பட்டது. இருபத்தெட்டு வருசத்துக்கு முந்தி விட்டுவிட்டு வந்த சைக்கிள் தேவைப்பட்டது எனக்கு.

ஸ்பிரெட்ஷீற்றைத் திறந்து புதிதாக ஒரு நிரல் போட்டேன். தலைப்பு: "ஆருக்கு?" ஒவ்வொரு சாமானுக்கும் நேரே நேர்மையாக எழுதிக்கொண்டு வந்தேன். 14இல் 9க்கு "எனக்கு" என்று வந்தது.

தீர்வு என்னவென்று அப்போதே தெரியும். உயரமான பார் இல்லாத, நடுவில் வளைந்து தாழ்ந்த பிறேம். ஊரில் சொல்கிற லேடீஸ் சைக்கிள். ஆனால் அதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்து தாவி ஏறின மனுசன்.

கனடாவில் இருக்கிற மாமிதான் காப்பாற்றினா. அப்பாவின் மூத்த அக்கா. ஊரில் இருபது வருசம் ரீச்சர். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கதைக்கும்போது நான் மெல்லமாக விசயத்தை எடுத்தேன். அப்பா முகத்தை மற்றப் பக்கம் திருப்பினார். மாமி சிரிக்கத் தொடங்கிவிட்டா.

"டேய் தம்பி, நீ சைக்கிள் பழகினதே என்ர லேடீஸ் சைக்கிளிலயெல்லோ? பள்ளிக்கூடத்தால வந்து நான் சாய்ச்சு வைக்க முந்தி எடுத்துக்கொண்டு ஓடுவாய். ஒருக்கா விழுந்து பின்சில்லு வலையைப் பிச்சுப்போட்டு, அடுத்த நாள் என்ர சீலை சில்லுக்க போனது ஞாபகம் இருக்கோ?"

"அது பத்து வயசில, அக்கா."

"இப்ப எழுபத்து மூண்டு வயசில. அதுக்கென்ன?"

அப்பா வாய் திறக்கவில்லை. அன்று பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது, ஆருக்கோ சொல்வதுபோல, "அக்கான்ர சைக்கிளும் றலிதான்" என்றார். அது போதும் எனக்கு.

அதே வகை றலியில் பெண்களுக்கான பிறேமும் இருந்தது. 1970களில் செய்த ஒன்று தொண்ணூறு பவுணுக்குக் கிடைத்தது. இனி ஒவ்வொரு சாமானையும் அப்பாவிடம் கேட்டுத்தான் எடுப்பது என்று வைத்துக்கொண்டேன். நாங்கள் இருப்பது ஹரோவில். யாழ்ப்பாணம் மேசை மாதிரிச் சமதரை. இங்கே வீட்டுக்கு வெளியே இறங்கினாலே ஏற்றம் அல்லது இறக்கம். அப்பாவின் தேவை நாலே நாலு: மழையில் நிற்கவேண்டும், ஏற்றத்தில் முழங்கால் நோகக்கூடாது, பத்துக் கிலோ அரிசி கரியரில் வரவேண்டும், காற்சட்டையில் செயின் எண்ணெய் படக்கூடாது.

மழைக்கு டிரம் பிறேக். ஹப்புக்கு உள்ளேயே பிறேக் இருப்பதால் ரிம் நனைந்தால் அதற்குக் கவலை இல்லை. ஸ்டேர்மி ஆர்ச்சர் இப்போதும் முன்னுக்கும் பின்னுக்கும் டிரம் ஹப் செய்கிறது. நொட்டிங்ஹாமில் பிறந்த கம்பனி. 2000இல் தாய்வானுக்குப் போய்விட்டது. பார்வைக்குப் பழைய காலத்து ஹப் மாதிரியே மினுங்கும். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. பிறேக் கட்டை ரிம்மைத் தொடவேண்டிய தேவை இல்லாததால் ரிம் எந்த அளவாக இருந்தாலும் பிறேக்குக்குப் பிரச்சினை இல்லை. 635ஐ விட்டுவிட்டு 622 அலுமினிய ரிம் போட்டேன். ரயர் எந்தக் கடையிலும் கிடைக்கும். முதலில் பிழையாக வாங்கின இரண்டு ரயரும் உதவியது. பிறேம் சில மில்லிமீற்றர் தாழும், அவ்வளவுதான்.

புது ஹப் உள்ளே போக, போர்க்கையும் பின்பக்கத்தையும் கொஞ்சம் விரிக்கவேண்டி வந்தது. இரும்புப் பிறேமில்தான் இதைச் செய்யலாம். அலுமினியத்தில் செய்தால் வெடிக்கும். எங்கள் பகுதியில் இருக்கிற ஒரு கடைக்காரரிடம் கொடுத்தேன். நூல் கட்டி நேர் பார்த்துத் தந்தார். கம்பி பின்னுவதையும் அவரிடமே விட்டேன். சிலதை வீடியோ பார்த்துச் செய்யலாம். அப்பாவை ஏற்றப் போகிற சில்லை அப்படிச் செய்ய எனக்குத் துணிவில்லை.

ஏற்றத்துக்கு மூன்று கியர். நடுக் கியர் நேரடி. கீழ்க் கியர் அதில் முக்கால் பங்கு, மேல் கியர் ஒன்றே கால் பங்குக்கும் கொஞ்சம் கூட. ஆனால் உண்மையான வித்தியாசத்தைத் தந்தது சில பவுண் பெறுமதியான ஒரு பற்சில்லுத்தான். இதுதான் எல்லாருக்கும் சொல்ல விரும்புகிற விசயம். இந்த வகைச் சைக்கிளில் முன்னுக்கு 46 பல், பின்னுக்கு 18 பல் இருக்கும். கீழ்க் கியரில்கூட ஒருதரம் பெடல் சுற்ற 4.3 மீற்றர் போகும். இளம் காலுக்கு அது சரி. பின்னால் 18ஐக் கழற்றி 22 போட்டால் அதே சுற்றுக்கு 3.5 மீற்றர்தான். முழங்காலுக்கு விழுகிற பாரம் ஐந்தில் ஒரு பங்கு குறையும். செயினில் மட்டும் சில இணைப்புக் கூட்டவேண்டும். பெற்றோரின் சைக்கிளுக்கு நீங்கள் ஒன்றே ஒன்று செய்வதென்றால் இதைச் செய்யுங்கள்.

சீற்றில் நான் தோற்றேன். 1866இல் தொடங்கிய புறூக்ஸ் என்ற கம்பனி தோல் சீற் செய்கிறது. கீழே சுருள் வில் வைத்த அகலமான சீற் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன். நிமிர்ந்து இருந்து ஓடுகிறவர்களுக்கு உண்மையிலேயே நல்லது. "தோல் பழக ஆறு மாசம் செல்லுமோ? எனக்கு மெத்தைச் சீற் போதும்" என்றார் அப்பா. மெத்தைச் சீற் போட்டாயிற்று. அந்தக் கறுத்த பிறேமில் அது எவ்வளவு வடிவு கெட்டு நிற்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். "ஆருக்கு?" நிரலில் "அப்பாவுக்கு" என்று எழுதிவிட்டேன்.

எல்லாவற்றிலும் புதுசு கேட்ட மனுசன் ஒன்றில் மட்டும் பிடிவாதமாகப் பழசு கேட்டார். டைனமோ.

நான் முன் ஹப்புக்குள்ளேயே டைனமோ இருக்கிற வகையைத்தான் எடுத்தேன். ஒரே ஹப்பில் பிறேக்கும் டைனமோவும். ரயரில் உரசாது, மழையில் வழுக்காது, சத்தம் இல்லை. அப்பா சில்லைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சத்தமில்லாம என்னண்டு டைனமோ?" என்றார்.

எனக்கு விளங்கியது. 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பற்றரி கொண்டுவரத் தடை. இரவில் அப்பா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ரயரில் உரசுகிற போத்தல் டைனமோவில் இருந்து வயர் இழுத்து, நடுவில் ஒரு டையோடு வைத்து ரேடியோவுக்குக் கொடுப்பார். பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. பிபிசி தமிழோசை முடியும்வரை சுற்றவேண்டும். கை உளைந்து மெதுவாக்கினால் செய்தி வாசிக்கிறவரின் குரல் இறங்கிப் போகும். பக்கத்து வீட்டுக்காரர் எல்லாம் சுற்றிவர இருந்து "சுத்தடா, சுத்தடா" என்பார்கள். அந்த உர்ர் என்ற சத்தத்துக்கு மேலால்தான் உலகச் செய்தி முழுக்க நாங்கள் கேட்டது.

பழைய போத்தல் டைனமோ ஒன்று எடுத்தேன். 6 வோல்ட், 3 வாட். வெளிச்சம் முன் ஹப்பில் இருந்துதான் வருகிறது. போத்தலைப் பின்சில்லோடு பூட்டி, வேண்டுமென்றால் தட்டிவிடலாம், வேண்டாவிட்டால் எடுத்துவிடலாம் என்று வைத்திருக்கிறேன். பொறியியலாளராகப் பார்த்தால் தேவையில்லாத பாரம். அந்த வரிக்கு நேரே "இரண்டு பேருக்கும்" என்று போட்டேன்.

மகளுக்கு ரேடியோக் கதை தெரியாது. நான் சொன்னதில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலை அவளிடம் கொடுத்து, அப்பாதான் சொல்லிக் கொடுத்தார். அவள் சுற்றினாள். டைனமோ கத்தியது. "வேகமாச் சுத்து, நியூஸ் போகப்போகுது" என்றார் அப்பா. அவள் ஒரு நிமிசத்தில் களைத்து, "அப்பா எத்தினை வயசில இதைச் செய்தவர்?" என்று கேட்டாள். "உன்னிலும் சின்னன்." அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு திரும்பவும் சுற்றத் தொடங்கினாள்.

மொத்தச் செலவு, பிழையாக வாங்கினதைக் கழித்து, 540 பவுண். "இந்தக் காசுக்குப் புதுசாகவே ஒன்று வாங்கியிருக்கலாம்" என்று மனைவி சொன்னா. சரிதான். காசு மிச்சம் பிடிக்க இந்த வேலையில் இறங்காதீர்கள்.

இந்த "ஆருக்கு?" நிரலை நான் இப்போது மற்ற இடங்களிலும் போட்டுப் பார்க்கிறேன். பொங்கலுக்கு மகளுக்கு எடுத்த பட்டுப்பாவாடை ஆருக்கு? வயலின் வகுப்பு ஆருக்கு? "எனக்கு" என்று வந்தால் பிழை என்று சொல்லவில்லை. எங்களுக்கும் ஏக்கம் இருக்கும்தானே. ஆனால் அது எங்களுடையது என்று தெரிந்து வைத்திருந்தால், மற்றவர் காலைத் தூக்க முடியாமல் நிற்பது கண்ணில் படும். அப்பா அந்தச் சைக்கிளை 20 வருசம் ஓடினவர். அதில் எது நல்லது, எது கூடாது என்று அவருக்குத்தான் தெரியும். நான் நாலு மாதம் ஃபோனில் தேடினேன். அவரிடம் ஒரு மணித்தியாலம் கேட்டிருக்கலாம்.

போன சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம் முடிய அப்பாவும் மகளும் பூங்காவுக்குச் சைக்கிளில் போனார்கள். மழை தூறியது. நான் காரில் பின்னால் மெதுவாகப் போனேன். இறக்கத்தில் அப்பா பிறேக்கைப் பிடித்தார். பிடித்தது. வீட்டுக்கு வந்து இறங்கி, "ஹாண்டில் கொஞ்சம் உயரம் காணாது. பெல்லும் சத்தம் காணாது" என்றார். இரண்டையும் ஸ்பிரெட்ஷீற்றில் சேர்த்திருக்கிறேன்.

உயரமான பார் வைத்த முதல் பிறேம் இன்னும் கராஜில் நிற்கிறது, கம்பி பிறேக்கோடு. அதை வெயில் நாளில் மட்டும் நான் ஓடுவேன்.

உங்கள் அப்பாமாரிடமும் கேட்டுப் பாருங்கள், அந்தச் சைக்கிளில் அவர்களுக்குப் பிடிக்காதது என்ன என்று. பிடித்ததைக் கேட்டால் சுருக்கமாகத்தான் சொல்வார்கள். பிடிக்காததைக் கேட்டால் கதை வரும். வந்தால் எனக்கும் எழுதுங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.